பலாவும் முஸீபத்தும்: இயற்கை இடர் குறித்த இஸ்லாமியக் கோட்பாடு

1. முன்னுரை

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கு எல்லையில், கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, உவர்நீர் ஏரி ஒன்றின் கரையில் பழவேற்காடு அமைந்துள்ளது. கும்மிடிப்பூண்டி இன்று இரும்பாலைகளும் பிற தொழிற்கூடங்களும் நிறைந்த தொழிற்பேட்டை. பழவேற்காடோ பழைய துறைமுகம். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கரையைப் பற்றி எழுதிய போர்ச்சுகீசியராகிய துவார்த்தே பர்போசா, இத்துறையில் முஸ்லிம் வணிகர் மிக்கிருந்தமையைக் குறித்துள்ளார். 1613-இல் ஒல்லாந்தர் இங்குக் கெல்திரியா என்னும் கோட்டையைக் கட்டினர். 1690-இல் தம் தலைமையிடத்தை நாகப்பட்டினத்திற்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரை வாணிகத்தை இங்கிருந்தே நடத்தினர். கோட்டை அழிந்தது, துறைமுகமும் மறைந்தது, பள்ளிவாசல்களும் அவற்றைச் சூழ்ந்த முஸ்லிம் குடிகளும் இன்றும் உள.

இவ்வட்டாரம் இயற்கையின் சீற்றத்தைப் பலகாலும் கண்டது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தது. 2015 நவம்பர், டிசம்பர்த் திங்கள்களிற் பெய்த பெருமழையால் மிகுதியும் அல்லலுற்ற மாவட்டங்களுள் திருவள்ளூரும் ஒன்று. 2016 டிசம்பர் 12-இல் வர்தாப் புயல் சென்னையை ஒட்டிக் கரை கடந்தது. 2023 டிசம்பர்த் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின் மழை இப்பகுதியை மூழ்கடித்தது. ஒவ்வொரு முறையும் பாதிக்கப்பட்டோரிடையே ஒரு வினா எழுகின்றது. இஃது ஏன் வந்தது? எம் குற்றமா? இறைவனின் சினமா? வெறும் இயற்கையா?

இவ்வினாவிற்கு இஸ்லாம் தரும் விடை யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்விடை பெரிதும் சொற்களில் அடங்கியுள்ளது என்பது எம் கருத்து. தமிழ் முஸ்லிம்களின் அன்றாட வழக்கில் வழங்கும் சில அரபுச் சொற்களைப் பொருளறிந்து பிரித்துக் காண்போமாயின், அச்சமயம் இடரை நோக்கும் முறை தெளிவாகும். சொற்களை மயக்கிவிட்டாலோ, துன்புற்றாரையே குற்றவாளிகளாகக் காணும் பிழை நேரும். ஆதலின் இவ்வாராய்ச்சி சொல்லாராய்ச்சி அளவில் நின்றுவிடுவதன்று. நீரில் மூழ்கி மாண்டாரை யாம் எவ்வாறு நினைத்தல் வேண்டும் என்பதும் இதனுள் அடங்கும்.

2. தமிழ் மரபிற் கடல்கோள்

'சுனாமி' என்னும் சப்பானியச் சொல் 2004-க்குப் பின்னரே தமிழ் மக்களின் நாவிற் பரவலாக வழங்கலாயிற்று. எனினும் கடல் பொங்கி நிலத்தை விழுங்கும் செய்தி தமிழர்க்குப் புதிதன்று. அதற்குக் 'கடல்கோள்' என்னும் அழகிய சொல் நம் மொழியில் உண்டு. இறையனார் களவியலுரை, முதற் சங்கமும் இடைச் சங்கமும் இருந்த நகரங்கள் கடல்கொள்ளப்பட்டன என்று உரைக்கின்றது. அங்குக் காரணம் எதுவும் கூறப்படவில்லை; நிகழ்ச்சி மட்டுமே சுட்டப்படுகின்றது.

மணிமேகலையோ காரணம் கூறுகின்றது. புகார் நகரைக் கடல் கொண்டதற்குச் சோழ மன்னன் இந்திர விழாவை மறந்ததே ஏது என்றும், அதனால் விளைந்த தெய்வச் சாபமே நகரை அழித்தது என்றும் அந்நூல் கதையை அமைக்கின்றது. மன்னன் விழாவை மறந்தது மகனைக் காணாது தேடி அலைந்த துயரத்தால் என்பது ஈண்டு நினையத்தக்கது. பிழை ஒருவனது, அழிவு ஊர்க்கெல்லாம். ஆகவே இடரை வெறும் நிகழ்ச்சியாகக் காணும் நோக்கும், தண்டனையாகக் காணும் நோக்கும் தமிழ் மரபில் அருகருகே இருந்தன என்க. இதே இருவகை நோக்கு இஸ்லாமிய உலகிலும் உண்டு. அவற்றை அம்மரபு எவ்வாறு நிறுத்து அளந்தது என்பதை இனிக் காண்போம்.

3. நான்கு சொற்கள்

தமிழ் முஸ்லிம்கள் இறைவனிடம் கையேந்தி வேண்டும்போது 'பலா முஸீபத்து'களினின்றும் காக்குமாறு வேண்டுதல் பெருவழக்கு. 'நோய் நொடி' என்பதுபோல இஃது ஓர் இணைமொழியாகவே வழங்குகின்றது. இணைமொழியாகி விட்டமையின் இருசொல்லும் ஒருபொருளன என்று கேட்போர் கருதுவர். அரபு மொழியில் அவை வெவ்வேறு பொருளன.

'முஸீபத்' என்பது வந்து தைத்தது என்னும் பொருள் அடியாகப் பிறந்தது. அம்பு குறியிற் படுதலைக் குறிக்கும் வினையும் இதே வேரினது. ஒன்று வந்து பட்டது என்பதற்கு மேல் இச்சொல் எதுவும் சொல்லவில்லை. பட்டவர் நல்லவரா தீயவரா என்னும் ஆராய்ச்சி இதனுள் இல்லை. பொழியும் மழையைக் குறிக்கும் 'ஸய்யிப்' என்னும் குர்ஆன் சொல்லும் இவ்வேரினின்றும் பிறந்தது என்பது சுவையான செய்தி. பூண்டி நீர்த்தேக்கத்தை நிரப்பி வயலை வாழ்விப்பதும் வடகிழக்குப் பருவமழையே. வீட்டை இடிப்பதும் அம்மழையே. இரண்டற்கும் ஒரு வேர் அமைந்தமை இவ்வட்டார மக்களுக்கு வியப்பளிக்காது.

'பலா' என்பது சோதித்தல் என்னும் பொருளது. குர்ஆனில் இச்சோதனை துன்பத்தால் மட்டும் நிகழ்வதன்று. நன்மையாலும் நிகழும் என்பது 21-ஆம் அத்தியாயத்தின் 35-ஆம் வசனத்தின் கருத்து. செல்வமும் நலமும் பெற்றிருத்தலும் சோதனையே. இப்பொருள் நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. ஏனெனின் புயலில் வீடிழந்தவன் எவ்வளவு சோதிக்கப்படுகின்றானோ, அவ்வளவே வீடு தப்பியவனும் சோதிக்கப்படுகின்றான் என்பது இதனாற் பெறப்படும்.

'பித்னா' என்பது மூன்றாவது சொல். தமிழ் முஸ்லிம் வழக்கில் இது கலகம், குழப்பம் என்னும் பொருளில் வழங்குகின்றது. பொன்னைத் தீயிலிட்டு மாசு நீக்கிப் பார்த்தலே இதன் அடிப்படைப் பொருள். இதுவும் சோதனைச் சொல்லே.

'அதாபு' என்பது நான்காவது. தண்டனை என்னும் பொருளுடையது இஃதொன்றே. மறுமையிலும் கபுறிலும் நிகழ்வதாக நம்பப்படும் தண்டனையைக் குறிக்கவே தமிழ் முஸ்லிம்கள் இதனைப் பெரிதும் வழங்குவர்.

இனி, 'ஆபத்து' என்னும் சொல்லை இவ்வரிசையிற் சேர்த்தல் தவறு. அரபு மொழியிலும் 'ஆஃபத்' என்று ஒரு சொல் உண்டு; ஒலியும் பொருளும் நெருங்கி நிற்கின்றன. ஆயின் தமிழிலுள்ள 'ஆபத்து' வடசொல்லினின்றும் வந்தது. ஒலியொற்றுமை பற்றி இரண்டனையும் ஒன்றெனக் கொள்ளல் பொருந்தாது.

நான்கு சொற்களுள் மூன்று, துன்பம் நேர்ந்தமையையோ சோதனையையோ குறிப்பன; ஒன்றே தண்டனையைக் குறிப்பது. பேரிடரைப் பற்றிப் பேசும்போது அம்மரபு பெரிதும் கையாள்வது முன்னைய மூன்றையே. அச்சம், பசி, பொருளிழப்பு, உயிரிழப்பு, விளைவுக் குறைவு ஆகியவற்றால் மாந்தர் சோதிக்கப்படுவர் என்று கூறும் 2-ஆம் அத்தியாயத்தின் 155, 156-ஆம் வசனங்கள், அத்துன்பத்தை 'முஸீபத்' என்றே குறிக்கின்றன. அது வந்தபோது தாம் இறைவனுடைமை என்பதையும், அவனிடமே மீளவேண்டும் என்பதையும் நினைந்து பொறுப்போர்க்கு நற்செய்தி கூறுகின்றன. இறப்புச் செய்தி கேட்டவுடன் முஸ்லிம்கள் கூறும் தொடர் இவ்விடத்தினின்றே எடுக்கப்பட்டது.

4. தண்டனை என்பார் கூற்று

எனினும், பேரிடர் இறைதண்டனையே என்று உரைப்போரும் உளர். 2004-ஆம் ஆண்டுப் பேரலைக்குப் பின், இலங்கையின் களுத்துறைக் கரையில் அலை மீண்ட தோற்றத்தை வானிலிருந்து எடுத்த படமொன்றில் இறைவன் பெயர் அரபு எழுத்திற் காணப்படுகின்றது என்னும் செய்தி பல நாடுகளிலும் பரவியது. நூஹ் நபியின் காலத்து வெள்ளம், ஆது, ஸமூது மக்களின் அழிவு, லூத் நபியின் ஊர் கவிழ்ந்தமை ஆகியவற்றைக் குர்ஆன் கூறுவதை இக்கூற்றினர் சான்றாகக் காட்டுவர். கைகள் தேடியவற்றாலேயே துன்பம் வந்து படுகின்றது என்னும் பொருளுடைய 42-ஆம் அத்தியாயத்தின் 30-ஆம் வசனத்தையும் எடுத்துக்காட்டுவர்.

இச்சான்றுகளை யாம் எளிதில் ஒதுக்குதல் கூடாது. ஆயின் அவற்றை முழுமையாக நோக்குதல் வேண்டும். முற்காலத்து அழிவுகளைக் கூறும் ஒவ்வோரிடத்தும் மூன்று கூறுகள் உடன் நிற்கின்றன. தூதர் ஒருவர் முன்னரே அனுப்பப்படுகின்றார். அவர் நெடிது எச்சரிக்கின்றார். நம்பினோர் அழிவின்முன் பிரித்துக் காக்கப்படுகின்றனர். தூதரை அனுப்பாமல் தண்டித்தல் இல்லை என்பது 17-ஆம் அத்தியாயத்தின் 15-ஆம் வசனத்தின் கருத்து. நம் காலத்துப் புயலிலும் பேரலையிலும் இம்மூன்றனுள் ஒன்றும் இல்லை. நல்லோரும் அல்லோரும், தொழுதோரும் தொழாதோரும், தொட்டிற் குழவியும் ஒருங்கே மாய்கின்றனர். தூதுத்துவம் நபிகள் நாயகத்தோடு முற்றுப்பெற்றது என்பது இஸ்லாத்தின் அடிப்படைக் கொள்கை. ஆகவே ஒரு குறிப்பிட்ட இடரைச் சுட்டி, 'இஃது இன்னார்க்கு இறைவன் அளித்த தண்டனை' என்று அறுதியிட்டுரைக்கும் அறிவு இன்று எவர்க்கும் இல்லை என்பது அக்கொள்கையின் நேரிய முடிபாகும்.

42:30-ஆம் வசனமும் அங்ஙனமே. அதன் முற்பகுதியைக் கூறுவோர், இறைவன் பெரும்பாலனவற்றை மன்னித்துவிடுகின்றான் என்னும் பிற்பகுதியை விட்டுவிடுகின்றனர். மேலும், அவ்வசனம் முன்னிலையில் நிற்கின்றது, படர்க்கையில் அன்று. கேட்போன் அதனைத் தன்மையில் ஏற்று, 'என் கை செய்த பிழை யாது?' என்று தன்னை ஆராயின் அது 'தவ்பா' என்னும் மனமாற்றத்திற்கு வழியாகும். படர்க்கையில் மாற்றி, 'அவர்தம் கை செய்த பிழை' என்று பிறரைச் சுட்டின் அது பழியாகும். இவ்விட வேறுபாட்டில் அறத்தின் கூறு முழுதும் அடங்கியுள்ளது என்று துணியலாம்.

நபிகளின் வாழ்விலேயே இதற்குத் தெளிவான சான்றுண்டு. அவர்தம் இளமகன் இப்ராஹீம் இறந்த நாளிற் கதிரவன் மறைப்புண்டான்; அது கி.பி. 632 சனவரித் திங்களில் நிகழ்ந்ததாக ஆய்வாளர் கணித்துள்ளனர். மக்கள் அம்மறைப்பைக் குழந்தையின் இறப்போடு இணைத்துப் பேசினர். அங்ஙனம் பேசுதல் தமக்குப் பெருமை தருவதாயினும் நபிகள் அதனை மறுத்தார். ஞாயிறும் திங்களும் எவர் பிறப்பிற்கும் இறப்பிற்கும் மறைவன அல்ல என்று உணர்த்தித் தொழுகைக்கு அழைத்தார். மைந்தனை இழந்த துயரிடையும் வானியல் நிகழ்ச்சிக்குத் தன் வாழ்வைக் காரணமாக்க அவர் ஒருப்படவில்லை.

இவ்வழியிலேயே பிற்கால அறிஞரும் சென்றனர். மறைப்பு நிகழும் முறையைக் கணித நூலார் விளக்குவதைச் சமயத்தின் பெயரால் மறுப்போர் சமயத்திற்கே கேடு செய்கின்றனர் என்று இமாம் கஸ்ஸாலி தம் 'தஹாஃபுத்' என்னும் நூலின் தொடக்கத்தில் எச்சரித்துள்ளார். இப்னு ஸீனா நிலநடுக்கத்திற்கு நிலத்தினுள் அடைபட்ட ஆவி காரணம் என்று கிரேக்கர் வழிநின்று விளக்கினார். ஸுயூத்தி நிலநடுக்கங்களைப் பற்றித் தனிநூலே இயற்றினார். அவர்தம் விளக்கங்கள் இன்றைய அறிவியலோடு ஒவ்வாதனவாயினும், 'எவ்வாறு நிகழ்ந்தது' என்னும் வினாவை ஆராய அவருட் பலர் அஞ்சவில்லை என்பது தெளிவு.

5. ஊழும் முயற்சியும்

எல்லாம் முன்னரே எழுதப்பட்டது எனின், மாந்தர் முயல்வதனாற் பயன் என்? இவ்வினா திருக்குறள் கற்றோர்க்குப் புதிதன்று. ஊழின் வலியை ஓரதிகாரத்திற் கூறிய வள்ளுவர், ஆள்வினையுடைமையைப் பிறிதோரதிகாரத்தில் வற்புறுத்துகின்றார். 'களா கத்ரு' என்னும் இறைநிருணயக் கோட்பாட்டையுடைய இஸ்லாமும் இம்முரணை எதிர்கொண்டது.

கி.பி. 638 அல்லது 639-இல், கலீஃபா உமர் சிரியா நோக்கிச் சென்றார். வழியில் ஸர்கு என்னுமிடத்தில், அந்நாட்டிற் கொள்ளைநோய் பரவியுள்ளது என்னும் செய்தி வந்தது. உமர் திரும்ப முடிவு செய்தார். படைத்தலைவராகிய அபூ உபைதா, இறைவன் விதித்ததினின்றும் ஓடுவதா என்று வினவினார். இறைவிதியொன்றினின்றும் இறைவிதி மற்றொன்றிற்கே செல்வதாக உமர் விடையிறுத்தார். ஒட்டகம் மேய்ப்பவன் ஒருவன் ஒருபுறம் புல்லும் மறுபுறம் வறள்நிலமும் உள்ள பள்ளத்தாக்கில் இறங்கினால், எப்புறம் மேய்ப்பினும் இறைவிதிப்படியே மேய்ப்பான் அல்லனோ என்பது அவர் காட்டிய உவமை. நோயுள்ள நாட்டிற் புகாதிருத்தலும் அங்கிருப்போர் அதனைவிட்டு ஓடாதிருத்தலும் நபிகள் அறிவுறுத்தியவை என்று பின்னர் ஒரு தோழர் எடுத்துரைத்தார். அபூ உபைதா அந்நோயிலேயே இறந்தார். அவரை எவரும் தண்டிக்கப்பட்டவராகக் கருதவில்லை. உயர்ந்த தோழருள் ஒருவராகவே இன்றும் போற்றுகின்றனர்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்புக என்னும் கருத்துடைய நபிமொழியும் இதனையே வற்புறுத்துவது. புயல் எச்சரிக்கை கேட்டுக் கட்டுமரத்தைக் கரையேற்றுதலும், தாழ்நிலத்தை விட்டுப் பாதுகாப்பு மையத்திற்குச் செல்லுதலும் நம்பிக்கைக் குறைவு அல்ல; விதியின் ஒரு கூற்றைக் கொண்டு மற்றொரு கூற்றை எதிர்கொள்ளுதலே என்க.

வேண்டுதலும் முயற்சியின் ஒரு வகையே. மழை பொய்த்த காலத்துத் திறந்த வெளியிற் கூடி இரு 'ரகஅத்து' தொழுது மழை வேண்டும் வழக்கம் தமிழ்நாட்டு முஸ்லிம்களிடையே இன்றும் உண்டு. உமறுப்புலவரின் சீறாப்புராணமும் நபிகளின் மழை வேண்டலைத் தமிழிற் பாடியுள்ளது. வெள்ளிக்கிழமைப் பேருரையிடை ஒருவர் வறட்சியை முறையிட, நபிகள் வேண்ட, மழை ஒரு கிழமை விடாது பெய்தது என்றும், அடுத்த வெள்ளியன்று வெள்ளத்தை முறையிட, ஊர்மேல் அன்றிச் சூழவுள்ள நிலங்களிற் பெய்யுமாறு அவர் வேண்டினார் என்றும் நபிமொழித் தொகைகள் கூறும். மழை நிற்க என்று அவர் கேட்கவில்லை. மழைக்குரிய இடத்தில் மழை பெய்க என்றே கேட்டார். ஏரியும் கால்வாயும் எங்கே, வீடு எங்கே என்னும் வேறுபாட்டை இவ்வேண்டுதல் உணர்த்துகின்றது.

6. இறந்தோர்க்குரிய கடன்

தண்டனைக் கொள்கையை முற்றும் தகர்ப்பது சட்ட நூல்களின் ஒரு விதியாகும். கொள்ளைநோயால் இறந்தோர், வயிற்றுநோயால் இறந்தோர், நீரில் மூழ்கினோர், இடிபாட்டிற் சிக்கியோர் ஆகியோரும், இறைவழியிற் போர்க்களம்பட்டார் போலவே, 'ஷஹீது' என்னும் உயிர்த்தியாகிகள் ஆவர் என்பது நபிமொழி. வெள்ளத்தில் மாண்டோன் குற்றவாளி அல்லன். பெரும்பேறு பெற்றவன் என்று அம்மரபு அவனை மதிக்கின்றது. ஆயின் போர்க்களம்பட்டவரைக் குளிப்பாட்டாது அடக்குதல் போல இவரை அடக்குதல் இல்லை. குளிப்பாட்டுதல், 'கஃபன்' இடுதல், தொழுகை ஆகிய எல்லாம் இவர்க்குண்டு. பேறு மறுமைக்குரியது, இவ்வுலகில் அவர்க்குச் செய்ய வேண்டிய பணிவிடை குறைவதில்லை.

உடல் முன்னில்லாதபோது தொழும் 'காயிப் ஜனாஸா'த் தொழுகைக்கு, கடற்கரைத் தமிழ் முஸ்லிம்களுட் பலர் பின்பற்றும் ஷாஃபிஈ நெறி இடந்தருகின்றது. இதனினும் குறிப்பிடத்தக்கது ஒன்றுண்டு. முஸ்லிம்களின் உடல்களும் பிற சமயத்தார் உடல்களும் அடையாளம் காணவியலாது கலந்துவிடின் செய்வது யாது? பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய நவவியின் 'மின்ஹாஜ்' என்னும் ஷாஃபிஈச் சட்ட நூல், எல்லாவுடல்களையும் குளிப்பாட்டித் தொழுகை நடத்துதல் கடமை என்கின்றது; தொழுகையின் உட்கருத்து முஸ்லிம்களை நோக்கியதாயினும் பணிவிடை எல்லார்க்கும் ஒன்றே. ஒருவர் உடல் விடுபடுதலினும் எல்லார்க்கும் செய்தலே நன்று என்பது அந்நூலார் துணிபு. யூதர் ஒருவரின் பிணவூர்வலம் கடந்தபோது எழுந்து நின்ற நபிகள், அதுவும் ஓர் உயிரன்றோ என்னும் கருத்துப்பட மொழிந்த செய்தியும் ஈண்டு இணைத்துக் காணத்தக்கது.

நூலில் எழுதப்பட்ட இவ்வறம் நம் கரையிற் செயலாயிற்றா? 2004-ஆம் ஆண்டுப் பேரலையால் தமிழ்நாட்டில் இறந்தோர் ஏறத்தாழ 8,000 பேர். அவருள் 6,000-க்கு மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். திருவள்ளூர்க் கரையினும் பன்மடங்கு அழிவு அங்கு நிகழ்ந்தமையின் சான்றினை அங்கிருந்தே கொள்கின்றோம். பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷாகுல் ஹமீது ஆண்டகை அடங்கிய நாகூர்த் தர்கா, கடலோடிகளின் காவலிடமாக நெடுங்காலம் போற்றப்பட்டது. ஓட்டை விழுந்த கப்பலை ஆண்டகை காத்த கதை இன்றும் சொல்லப்படும். அத்தர்காவைச் சார்ந்தோர் 2004-இல் அடைக்கலம் தேடி வந்தோர்க்கு இடமளித்தனர். உரியவர் இன்றிக் கிடந்த உடல்களைச் சமயம் பாராது அடக்கத் தம் நிலத்தையும் அளித்தனர். கடலினின்றும் காக்கும் தெய்விகக் கதையினும், கடல் எறிந்த உடலுக்கு மண் தந்த செயல் ஆண்டகையின் பெயர்க்கு ஏற்ற சான்று என்பது எம் எண்ணம்.

7. இருப்போர்க்குரிய கடன்

இடருற்றோர்க்கு உதவுதல் அருளின்பாற்பட்டது மட்டுமன்று; கடமையும் ஆகும். ஆண்டுதோறும் சேமிப்பில் 2.5 விழுக்காடு 'ஜகாத்து' ஈதல் இஸ்லாத்தின் ஐந்து கடமைகளுள் ஒன்று. அதனைப் பெறுதற்குரிய எண்வகையாருள் வறியோரும் கடன்பட்டோரும் வழிப்போக்கரும் அடங்குவர். அதற்கு மேலும் விரும்பிக் கொடுப்பது 'ஸதகா'.

ஆள்வோன் கடமைக்கு உமரின் ஆட்சியே எடுத்துக்காட்டு. கி.பி. 639-ஐ ஒட்டி அரபு நாட்டில் நேர்ந்த கடும்பஞ்சம் 'சாம்பல் ஆண்டு' என வழங்கும். அக்காலத்து உமர், மக்கள் உண்ணும்வரை நெய்யும் இறைச்சியும் உண்பதில்லை என்று நோன்பு கொண்டார். சிரியாவினின்றும் தானியம் வருவித்தார். பசியால் திருடினார்க்குரிய தண்டனையை நிறுத்தினார் என்று வரலாற்று நூல்கள் கூறும். மழைத் தொழுகையும் நடத்தினார். ஆயின் அத்தொழுகையைத் தானியத்திற்கு ஈடாக அவர் கொள்ளவில்லை.

தமிழ்நாட்டிலும் இவ்வறம் அறியாத செய்தியன்று. கீழக்கரைச் சீதக்காதி பஞ்சகாலத்தில் நெல்லை வாரி வழங்கியதைப் படிக்காசுப் புலவர் புகழ்ந்தார். 2004-இல் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார், அலைக்குத் தப்பி ஓடிவந்த அண்டை ஊர் மீனவர்க்கு உணவும் உறைவிடமும் தந்தனர். 2015 வெள்ளத்தில் சென்னையிற் பல பள்ளிவாசல்கள் எல்லாச் சமயத்தார்க்கும் கதவு திறந்தன. முஸ்லிம் இளைஞர்கள் வீடுகளையும் தெருக்களையும் மட்டுமன்றிச் சேறுபடிந்த கோயில்களையும் துப்புரவு செய்தனர். கோயிற்காரரும் மாதாகோயிலாரும் அங்ஙனமே உதவினர். ஆதலின் இதனை ஒரு சமயத்தார்க்கே உரிய பெருமையாக யாம் கூறவில்லை. ஒவ்வொரு சமயத்தாரும் தத்தம் நூலினின்றும் இவ்வறத்திற்கு வேர் காண்பர். இஸ்லாத்தில் அவ்வேர் 'பலா' என்னும் சொல்லில் உள்ளது என்பதே எம் கருத்து. கரையில் நின்றவனும் சோதிக்கப்படுகின்றான் என்று முன்னர்க் கூறியது இதுவே.

8. கைகள் தேடிய கேடு

மாந்தர் கைகள் செய்தவற்றால் நிலத்திலும் கடலிலும் கேடு தோன்றியது என்னும் கருத்தைக் குர்ஆனின் 30-ஆம் அத்தியாயம் 41-ஆம் வசனம் கூறுகின்றது. பழைய உரைகாரர் அக்கேட்டினை வறட்சி, விளைவுக் குறைவு போன்றவையாக விளக்கி, பாவத்தை அதன் காரணமாகக் கொண்டனர். இக்காலத்து முஸ்லிம் அறிஞர் பலர் அதனை நேர்ப்பொருளிலேயே கொண்டு, இயற்கையைச் சிதைத்தலைச் சுட்டுவதாக உரைக்கின்றனர்.

பழவேற்காட்டிற்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடைநின்று நோக்குவோர்க்குப் பின்னைய உரை பொருத்தமாகத் தோன்றும். ஆரணியாறு பழவேற்காட்டு ஏரியை அடைகின்றது. கொசத்தலையாறு எண்ணூர்க் கழிமுகத்தை அடைகின்றது. முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிட்டால் வெள்ளம் வடியாது. மீனும் ஏரியுட் புகாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியினின்றும் வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்திற் பரவி, மீனவரின் வலையையும் படகையும் கறைப்படுத்தியது. மழை இறைவன் தந்தது என்று நம்புவோர் நம்புக. எண்ணெய் எவர் கையினது என்பதில் ஐயமில்லை. மழையையும் எண்ணெயையும் ஒருங்கே 'இறைநாட்டம்' என்று கூறி அமைதல், கையின் குற்றத்தை விண்ணின்மேல் ஏற்றுவதாகும். இங்ஙனம் கொள்ளின் இவ்வசனம் துன்புற்றாரைச் சுட்டாது. துன்பம் விளைத்தாரைச் சுட்டும். தண்டனைக் கொள்கையினர் காட்டும் திசைக்கு இது நேர்மாறானது என்பதை உணர்தல் வேண்டும்.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், இயற்கை இடரை இஸ்லாம் தண்டனைச் சொல்லாற் குறியாது, தைத்தது என்றும் சோதனை என்றும் பெரிதும் குறிக்கின்றது என்பதும், ஒரு குறிப்பிட்ட இடரைத் தண்டனை என அறுதியிடும் தகுதி எவர்க்கும் இல்லை என்பதும், விதியில் நம்பிக்கை முயற்சிக்குத் தடையன்று என்பதும், நீரில் மாண்டோர் உயிர்த்தியாகிகளாக மதிக்கப்படுவர் என்பதும், மாந்தர் கையால் விளைந்த கேட்டினை மாந்தரே ஏற்றல் வேண்டும் என்பதும் போதரும். 'அவர்க்கு ஏன் வந்தது' என்னும் வினாவை அம்மரபு, 'வந்தபின் யான் செய்யத்தக்கது யாது' என்னும் வினாவாக மாற்றுகின்றது.

இடருற்றபோது மேற்கொள்ளுமாறு அச்சமயம் கூறும் பண்பு 'ஸபுறு'. அதனைத் தமிழிற் 'பொறுமை' என்று பெயர்ப்பர். அரபு வேர் கட்டுப்படுத்தி நிறுத்துதலைக் குறிக்கும், கையறுநிலையைக் குறிக்காது. தமிழ்ச் சொல்லும் இதற்கு இசைந்தே நிற்கின்றது. 'பொறு' என்னும் அடியினின்றும் பொறுமை பிறந்தது. பொறுப்பும் அதனினின்றே பிறந்தது. துன்புற்றோர் பொறுமையையும் சூழ்ந்திருப்போர் பொறுப்பையும் மேற்கொள்ளும் ஊரில், புயல் வீட்டை இடிப்பினும் குடியை இடிக்காது. அடுத்த ஐப்பசி, கார்த்திகையிற் கடல் மீண்டும் கொந்தளிக்கும்போது, பள்ளிவாசல் மேடையினின்றும் இவ்விரு சொற்களும் ஒருங்கே ஒலிக்குமாயின் நன்றாம்.